சிறையிலிருந்து வெளிவரும் இளையருக்கு அரசாங்க நிதியுதவி பெறுவது எப்படி? முழுமையான வழிகாட்டி

இந்த வழிகாட்டி, சாங்கி சிறையிலிருந்தோ சீர்திருத்தப் பயிற்சி நிலையத்திலிருந்தோ போதைப்புழங்கிகள் மறுவாழ்வு நிலையத்திலிருந்தோ வெளிவரவிருக்கும் 18 முதல் 30 வயது வரையிலான ஒருவரின் பெற்றோர், உடன்பிறந்தோர், அவர்களுக்குத் துணையாகச் செல்லும் புதிய தொண்டூழியர்கள் ஆகியோருக்காக எழுதப்பட்டது. சிங்கப்பூரில் இதற்கென நிதி இருக்கிறது. ஆனாலும் பல குடும்பங்கள் வெறுங்கையோடு திரும்புவதைத் தொடர்ந்து பார்த்து வருகிறேன். தகுதி இல்லாமல் திரும்புபவர்களைவிட, எதை முதலில் செய்வது, எந்த அலுவலகத்துக்கு எந்தத் தாளைக் கொண்டுபோவது என்று தெரியாமல் திரும்புபவர்களே அதிகம். ஆகவே எல்லாவற்றையும் செய்யவேண்டிய வரிசையிலேயே எழுதியிருக்கிறேன். நடுவிலிருந்து தொடங்காமல், ஒரு முறை முழுவதையும் படித்துவிட்டுத் தொடங்குங்கள்.

1. பணம் எந்த வழியில் வருகிறது என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள்

"விடுதலையானால் அரசாங்கம் ஏதோ பணம் தருமாமே, அதை எங்கே வாங்குவது?" என்பதுதான் பெரும்பாலான தாய்மார்கள் கேட்கும் முதல் கேள்வி. சிறையில் வேலை செய்தவருக்கு அங்கே சேர்ந்த சிறு தொகை கைக்கு வரும். அதைத் தாண்டி, வாழ்க்கையைத் தொடங்கப் போதுமான ஒரு தொகை கையில் கொடுக்கப்படும் என்று எண்ணிக் காத்திருக்க வேண்டாம். அந்தக் காத்திருப்பிலேயே மிக முக்கியமான முதல் வாரங்கள் கரைந்துவிடுகின்றன.

உதவி பெரும்பாலும் மூன்று வழிகளில் வருகிறது. வீட்டுச் செலவுக்கான உதவி, சமூகச் சேவை அலுவலகம் வழியாகக் குடும்பத்துக்கு வருகிறது. பயிற்சிக்கான உதவி, கட்டணக் கழிவாகவோ உபகாரச் சம்பளமாகவோ படிப்பைச் சார்ந்து வருகிறது. வேலைக்கான உதவி, சம்பளத்தில் ஒரு பகுதியை ஈடுகட்டும் தொகையாக முதலாளிக்குப் போகிறது. இளையரின் கைக்கு நேராக வருவது குறைவு என்பதால், "எங்களுக்கு ஒன்றுமே கொடுக்கவில்லை" என்று குடும்பங்கள் நினைத்துவிடுகின்றன.

அடுத்து, வயது வரம்புகளை இப்போதே மனத்தில் பதித்துக்கொள்ளுங்கள். திறன் பயிற்சிக் கட்டணத்துக்காக அரசாங்கம் ஸ்கில்ஸ்ஃபியூச்சர் கணக்கில் போடும் தொடக்கத் தொகையான 500 வெள்ளி 25 வயது முதல்தான் கிடைக்கும். பலர் கேள்விப்பட்டிருக்கும் 4,000 வெள்ளி 40 வயதானவர்களுக்கு உரியது. குறைந்த சம்பளக்காரர்களுக்கான வேலைநலன் துணை வருமானம், உடற்குறை போன்ற சில விலக்குகள் தவிர, 30 வயதிலிருந்துதான் தொடங்குகிறது. 2025இல் வந்த ஸ்கில்ஸ்ஃபியூச்சர் வேலை தேடுவோர் ஆதரவுத் திட்டம் ஆறு மாதங்களில் 6,000 வெள்ளி வரை தரும் என்றாலும், முந்தைய 12 மாதங்களில் குறைந்தது ஆறு மாதம் வேலை செய்திருக்க வேண்டும் என்பது அதன் நிபந்தனை. அண்மையில் விடுதலையான ஒருவருக்கு அது பொருந்துவது அரிது.

ஆக, 20 வயதில் வெளியே வருபவருக்கு இவற்றுள் எதுவும் உடனே உதவாது. இளையர்களுக்கென்று உள்ள வேறு வழிகளை அதனால்தான் தேடிப் போகவேண்டியிருக்கிறது. அவையே இனி வரும் பகுதிகளில் உள்ளன.

2. விடுதலைக்கு முன்பே தொடங்குங்கள்

வேலை ஏற்பாட்டுக்கு உதவும் மஞ்சள் ரிப்பன் சிங்கப்பூர் அமைப்பு, கைதிகள் உள்ளே இருக்கும்போதே அவர்களோடு பேசத் தொடங்கிவிடுகிறது. சிங்கப்பூர்ப் பின்பராமரிப்புச் சங்கமும் சிங்கப்பூர்ப் போதைப்பொருள் எதிர்ப்புச் சங்கமும் விடுதலைக்குப் பிறகும் தொடர்ந்து பார்த்துக்கொள்ளும் பராமரிப்பு அதிகாரிகளை வழங்குகின்றன. உள்ளே தொடங்கிய தொடர்பு வெளியிலும் நீடிப்பது எளிது. வெளியே வந்த பிறகு யாரும் தெரியாத ஓர் அலுவலகத்துக்குப் போய்த் தன் கதையை மறுபடியும் முதலிலிருந்து சொல்வது, வெட்கத்தோடு இருக்கும் ஓர் இளையருக்கு மிகக் கடினம்.

ஆகவே அடுத்த சந்திப்பில் நான்கு செய்திகளைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்: விடுதலை நாள், விடுதலைக்குப் பின் உள்ள நிபந்தனைகள், தொடர்பில் இருக்கும் அதிகாரி அல்லது பராமரிப்பு அதிகாரியின் பெயர், உள்ளே முடித்த படிப்பும் பயிற்சிச் சான்றிதழ்களும். கடைசிச் செய்தியைப் பலர் கேட்பதே இல்லை. சிறைப் பள்ளியில் எழுதிய தேர்வும் உள்ளே முடித்த தொழிற்பயிற்சியும் வெளியேயும் செல்லும் சான்றிதழ்கள்தான். அவற்றைச் சொல்லாமல் விட்டால், முடித்த பயிற்சியையே மறுபடியும் படிக்கச் சொல்லும் நிலை வரும்.

இங்கே அடிக்கடி நடக்கும் தவறு ஒன்று உண்டு. "வெளியே வந்ததும் நானே பார்த்துக்கொள்கிறேன், அதிகாரி யாரும் வேண்டாம்" என்று பிள்ளை சொல்வார். வீட்டில் உள்ளவர்களும் அதைத் தன்மானம் என்று எண்ணி விட்டுவிடுவார்கள். பின்னால் உதவித்தொகைக்கு ஒரு பரிந்துரை தேவைப்படும்போது, பரிந்துரைக்க அவரை அறிந்தவர் யாரும் இருக்கமாட்டார்கள். பராமரிப்பு அதிகாரியைக் காவலுக்கு வருபவராக நினைக்க வேண்டாம். மற்ற அலுவலகங்களோடு உங்களுக்காகப் பேசக்கூடியவர் அவர்தான் என்று பிள்ளைக்குப் பொறுமையாக எடுத்துச் சொல்லுங்கள்.

3. அடையாள அட்டை, கைப்பேசி எண், சிங்பாஸ், வங்கிக் கணக்கு

இந்த நான்கையும் இதே வரிசையில்தான் முடிக்க வேண்டும். அடையாள அட்டை இல்லாமல் கைப்பேசி எண் வாங்க முடியாது. சொந்தக் கைப்பேசி இல்லாமல், அரசாங்கச் சேவைகளுக்கான மின்னடையாளமான சிங்பாஸ் சரியாக இயங்காது. சிங்பாஸ் இல்லாவிட்டால் ஏறத்தாழ எல்லா விண்ணப்பங்களும் கைத்தாள்களும் முகப்புகளுமாக இழுத்துக்கொண்டே போகும். வங்கிக் கணக்கு இல்லாவிட்டால் ஒப்புதல் கிடைத்த பணமும் வந்து சேராது.

அடையாள அட்டை கைதுக்கு முன்பே தொலைந்திருந்தால், குடிநுழைவு, சோதனைச் சாவடிகள் ஆணையத்தில் மாற்று அட்டைக்கு விண்ணப்பிக்க வேண்டும். முதல் முறை தொலைத்தவருக்குக் கட்டணம் 100 வெள்ளி. அதற்கு மேல் 300 வெள்ளி. வெளியே வந்த வாரத்தில் இது சிறு தொகையன்று. அட்டை எங்கே இருக்கிறது என்பதை விடுதலைக்கு முன்பே கேட்டு, தொலைந்திருந்தால் அந்தச் செலவுக்கு வழி செய்துவையுங்கள்.

கைப்பேசி எண்ணில்தான் பெரும்பாலோர் தடுக்கி விழுகிறார்கள். உள்ளே இருந்த காலத்தில் பழைய இணைப்பு துண்டிக்கப்பட்டிருக்கும். அவசரத்துக்கு அம்மாவின் எண்ணைச் சிங்பாஸில் பதிவு செய்துவிடுவார்கள். பிறகு சமூகச் சேவை அலுவலகத்தின் முகப்பில் பையன் நிற்பார், ஒருமுறைக் கடவுச்சொல் அம்மாவின் கைப்பேசிக்குப் போகும், அம்மாவோ துப்புரவு வேலையில் இருப்பார், கைப்பேசி அவருடைய லாக்கரில் இருக்கும். வரிசையில் பையனின் எண் கடந்துபோய்விடும். முன்கட்டண அட்டை ஒன்றை இளையரின் சொந்தப் பெயரிலேயே வாங்கி, அந்த எண்ணையே எல்லா இடங்களிலும் கொடுத்து, ஓராண்டுக்காவது மாற்றாமல் வைத்திருங்கள். அதிகாரிகள் திரும்ப அழைக்கும்போது எண் மாறியிருந்தால், விண்ணப்பம் அப்படியே கிடந்துவிடும்.

வங்கிக் கணக்கைத் திறந்ததும் அடையாள அட்டை எண்ணோடு பேநவ் எனும் பணமாற்றுச் சேவையை இணைத்துவிடுங்கள். பொருள், சேவை வரிப் பற்றுச்சீட்டின் ரொக்கம் போன்ற அரசாங்கத் தொகைகள் அந்த வழியாகத்தான் விரைவாக வருகின்றன. 21 வயதான சிங்கப்பூரர்கள், வருமானம், வீட்டின் ஆண்டு மதிப்பு முதலிய நிபந்தனைகள் பொருந்தினால், அதைப் பெறலாம். சிறைத் தண்டனை பெற்றவருக்கு அது இல்லை என்று தாமாகவே முடிவுகட்டிச் சரிபார்க்காமல் விட்டவர்களைப் பார்த்திருக்கிறேன்.

வங்கிக் கணக்கையோ சிங்பாஸையோ மோசடிக்காரர்களிடம் கொடுத்த குற்றத்துக்காகத் தண்டனை பெற்றவர் என்றால், இந்தப் படி கடினமாக இருக்கும். வங்கி கணக்கு திறக்கத் தயங்கலாம், கட்டுப்பாடும் விதிக்கலாம். இதை மறைக்காமல் பராமரிப்பு அதிகாரியிடம் முதல் நாளே சொல்லிவிடுங்கள். சம்பளமும் உதவித்தொகையும் எந்த வழியில் வருவது என்பதை அவர்களோடு பேசி முன்கூட்டியே ஏற்பாடு செய்ய வேண்டும். நண்பர் ஒருவரின் கணக்கைப் பயன்படுத்துவது மட்டும் எக்காரணத்தாலும் கூடாது. பழைய தவறுக்கே அது மறுபடியும் கொண்டுபோய் நிறுத்தும்.

4. நிபந்தனைகளையும் தேசிய சேவையையும் முதலில் உறுதிசெய்யுங்கள்

வெளியே வந்த பலரும் முழுச் சுதந்திரத்தோடு வருவதில்லை. தண்டனையில் மூன்றில் இரண்டு பங்கு முடிந்து வருபவர், எஞ்சிய காலத்துக்கு நிபந்தனை ஆணையின் கீழ் இருப்பார். சிலர் வீட்டுக்காவலில் மின்னணுப் பட்டையோடு இருப்பார்கள். சிலர் 2014இல் நடப்புக்கு வந்த கட்டாயப் பின்பராமரிப்புத் திட்டத்தில் இருப்பார்கள். போதைப்பொருள் தொடர்பானவர்களுக்கு ஐந்தாண்டு வரை சோதனை மேற்பார்வை இருக்கலாம்.

வேலையோ வகுப்போ தேடுவதற்கு முன் இதைப் பார்க்கச் சொல்வதற்குக் காரணம், நேரக் கட்டுப்பாடு. இரவு ஊரடங்கு உள்ளவர் இரவுநேர வேலையை ஏற்றுக்கொண்டால் அது நிலைக்காது. சிறுநீர்ச் சோதனைக்குப் போகவேண்டிய நாளில் விடுப்பு கிடைக்காத வேலையில் சேர்ந்தால், வேலையைத் தக்கவைக்கச் சோதனையைத் தவறவிடும் நெருக்கடி வரும். சோதனையைத் தவறவிடுவது மீண்டும் சிக்கலில் கொண்டுபோய்விடும். அதிகாரியிடம் "இந்த நேரம், இந்த இடம், இந்த வேலை, சரியா?" என்று முதலில் கேளுங்கள். பிறகு முதலாளியிடம் பேசுங்கள்.

ஆண்பிள்ளைகளுக்குத் தேசிய சேவைக் கேள்வியும் உண்டு. 19 வயதில் சீர்திருத்தப் பயிற்சி நிலையத்திலிருந்து வரும் ஒருவருக்குச் சேவை இன்னும் முடியாமல் இருக்கலாம். எப்போது அழைப்பு வரும் என்பதை, தேசிய சேவைப் பதிவைக் கவனிக்கும் மத்திய மனிதவளத் தளத்திடம் கேட்டுத் தெரிந்துகொள்ளாமல் ஓராண்டு வகுப்பில் சேர்ந்தால், பாதியில் நிற்க நேரும். படிப்புக்கு உதவி கொடுத்தவர்களிடம் மறுபடி கேட்பதும் அப்போது தர்மசங்கடமாகிவிடும்.

5. வீட்டுச் செலவு: சமூகச் சேவை அலுவலகத்தில் காம்கேர் உதவி

இதுவே மிகப் பொறுமையாகச் செய்யவேண்டிய படி என்பதால் இதை விரிவாக எழுதுகிறேன். சமுதாய, குடும்ப மேம்பாட்டு அமைச்சின் காம்கேர் திட்டத்தில், வேலை தேடிக்கொண்டிருப்பவர்களுக்கும் தற்காலிகமாக வேலை செய்ய முடியாதவர்களுக்கும் வருமானம் மிகக் குறைந்தவர்களுக்கும் குறுகிய, நடுத்தர கால உதவி கிடைக்கிறது. மாதாந்திர ரொக்கம், தண்ணீர், மின்சாரக் கட்டணம், வாடகை, மருத்துவச் செலவு, வேலை தேட உதவி ஆகியவை இதில் அடங்கும். வீட்டு முகவரிக்கு உரிய சமூகச் சேவை அலுவலகத்திலோ சப்போர்ட்கோவேர் இணையத்தளத்திலோ விண்ணப்பிக்கலாம். 1800-222-0000 என்ற எண்ணில் கேட்கலாம்.

இங்கே புரிந்துகொள்ளவேண்டியது, காம்கேர் தனியாளைப் பார்ப்பதில்லை; ஒரே வீட்டில் வாழும் குடும்பத்தைப் பார்க்கிறது. பையனிடம் ஒரு காசும் இல்லை என்றாலும், அவர் போய்த் தங்கும் வீட்டில் அப்பாவும் அக்காவும் சம்பாதித்தால், அந்த வருமானமெல்லாம் கணக்கில் வரும். ஆகவே வீட்டில் உள்ள எல்லாருடைய சம்பளச் சீட்டும், மத்திய சேமநிதிக் கணக்கறிக்கையும், வங்கிக் கணக்கின் விவரமும், கையெழுத்தும் தேவைப்படும்.

பெரும்பாலான விண்ணப்பங்கள் இங்கேதான் நின்றுபோகின்றன. ஈசூன் வீடு ஒன்றில், தாயார் எல்லாத் தாள்களையும் பிஸ்கட் டப்பா ஒன்றில் ஒழுங்காக அடுக்கிவைத்திருந்தார். அப்பாவின் சம்பளச் சீட்டு மட்டும் இல்லை. மகன் செய்ததை அப்பா இன்னும் மன்னிக்கவில்லை, அவனுக்காக என் சம்பளத்தை யாரிடமும் காட்டமாட்டேன் என்று அவர் இருந்தார். உதவி மகனுக்கு மட்டுமன்று, அந்த வீட்டின் மின்கட்டணத்துக்கும் தங்கையின் பள்ளிச் செலவுக்கும் சேர்த்துத்தான் பார்க்கப்படும் என்று அண்ணன் முறை உறவினர் ஒருவர் எடுத்துச் சொன்ன பிறகுதான் அவர் அந்தச் சீட்டை மேசைமேல் வைத்தார். இந்தப் பேச்சை அலுவலகத்துக்குப் போவதற்கு முன்பே வீட்டில் முடித்துவிடுங்கள். முகப்பில் நிற்கும் அதிகாரியால் அதைச் செய்ய முடியாது.

முகவரியையும் பாருங்கள். அடையாள அட்டையில் பாட்டி வீட்டு முகவரி இருக்கும், தூங்குவதோ அக்கா வீட்டில். எந்த வீட்டின் உறுப்பினராக அவர் கணக்கிடப்படுகிறார் என்பது இதைப் பொறுத்து மாறும். உண்மையில் எங்கே வசிக்கிறாரோ அதைத் தெளிவாகச் சொல்லுங்கள். சாதகமாக இருக்கும் என்று நினைத்து வேறொன்றைச் சொல்ல வேண்டாம், வீட்டுக்கு வந்து பார்ப்பார்கள்.

விண்ணப்பத்தில் "பணம் போதவில்லை" என்று மட்டும் எழுதினால், அதிகாரிக்கு எதைக் கொண்டு மதிப்பிடுவது என்று தெரியாது. மாதச் செலவை ஒரு தாளில் எழுதிக்கொண்டுபோங்கள்: வாடகை அல்லது வீட்டுக் கடன், நகர மன்றச் சேவைக் கட்டணம், தண்ணீர், மின்சாரம், உணவு, பேருந்து, ரயில் செலவு, மருந்து. ஒவ்வொன்றுக்கும் கடைசி பில்லை இணையுங்கள். பாக்கி இருந்தால் பாக்கிக் கடிதத்தையும் சேருங்கள்; அதை மறைப்பதால் நன்மை இல்லை, காட்டினால்தான் உதவி அதற்கேற்ப அமையும்.

தாள்கள் முழுமையாகச் சேர்ந்த பிறகும் முடிவு வரச் சில வாரங்கள் ஆகலாம். அதுவரை சாப்பாட்டுக்கே வழி இல்லை என்றால், அதை முதல் சந்திப்பிலேயே வாய்விட்டுச் சொல்லுங்கள். குடும்பச் சேவை நிலையத்திடமும் வட்டார அடித்தள அமைப்புகளிடமும் அவசர உதவி கேட்கலாம். குடிமக்கள் ஆலோசனைக் குழுவின் காம்கேர் நிதி இதுபோன்ற அவசரத் தேவைகளுக்காகவே இருக்கிறது. நம் குடும்பங்கள் கவுரவம் பார்த்து "சமாளித்துக்கொள்கிறோம்" என்று சொல்லிவிடுவது வழக்கம். அப்படிச் சொன்னால், சமாளிக்க முடிகிறது என்றே பதிவாகும்.

உதவி கிடைத்ததும் அதோடு ஒரு செயல்திட்டமும் வரும்: வேலை தேடுவது, ஆலோசனைக்குப் போவது, பயிற்சியில் சேர்வது என்று. அதன்படி நடந்தால் தொடரலாம், நடக்காவிட்டால் நின்றுபோகும். ஒரு சந்திப்புக்குப் போக முடியவில்லை என்றால் முதல் நாளே தகவல் சொல்லுங்கள்.

இந்தியக் குடும்பங்களுக்கு, இந்தியச் சமூகத்தின் சுய உதவி அமைப்பான சிண்டாவின் குடும்பச் சேவை நிலையமும் ஓர் ஆதரவு. தமிழில் பேசக்கூடியவர்கள் இருப்பதால், தாத்தா, பாட்டியோ ஆங்கிலம் அதிகம் பழகாத பெற்றோரோ முதலில் அங்கே சென்று நிலைமையைச் சொன்னால், அடுத்து எங்கே போவது என்பதை அவர்களே வழிகாட்டுவார்கள். தம்பி தங்கைகளின் துணைப்பாட வகுப்புக்கும் அங்கேயே கேளுங்கள்.

6. தங்குமிடம்

வீட்டுக்குப் போக முடியாதவர்கள் இதை விடுதலைக்கு முன்பே சொல்லவேண்டும். ஹாஃப்வே ஹவுஸ் என்று எல்லாரும் சொல்லும் மறுவாழ்வு இல்லங்களில் இடம் பெரும்பாலும் சிறைத்துறை வழியாகத்தான் ஒதுக்கப்படுகிறது. சிறைத்துறையின் செலராங் இல்லமும், இந்து அறக்கட்டளை வாரியத்தின் ஆசிரமமும், சமய, சமூக அமைப்புகள் நடத்தும் வேறு இல்லங்களும் உண்டு.

வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் வாடகை வீட்டைத் தனியாள்கள் இணைந்து எடுக்கும் திட்டத்துக்கு வயது 35. ஆகவே 24 வயதுப் பிள்ளைக்கு "வாடகை வீடு எழுதிப் போடுவோம்" என்று காத்திருப்பது வீண். இருக்க இடமில்லை என்றால் நேராகக் குடும்பச் சேவை நிலையத்துக்கோ சமூகச் சேவை அலுவலகத்துக்கோ சென்று தற்காலிகத் தங்குமிடம் கேளுங்கள்.

7. படிப்புக்கும் பயிற்சிக்கும் நிதி

முதலில் பார்க்கவேண்டியது, பலரும் மறந்துபோன ஒரு கணக்கு. பள்ளிக்காலத்தில் அரசாங்கம் பணம் போட்டுவந்த எடுசேவ் கணக்கில் எஞ்சிய பணம், உயர்நிலைக்குப் பிந்திய கல்விக் கணக்குக்கு மாற்றப்பட்டிருக்கும். அதைத் தொழில்நுட்பக் கல்விக் கழகம், பலதுறைத் தொழிற்கல்லூரி முதலிய இடங்களில் அங்கீகரிக்கப்பட்ட படிப்புகளுக்குப் பயன்படுத்தலாம். 31 வயதாகும் ஆண்டில் அந்தக் கணக்கு மூடப்பட்டு, மீதம் மத்திய சேமநிதியின் சாதாரணக் கணக்குக்குப் போய்விடும். இது ஏற்கெனவே பிள்ளையின் பெயரில் உள்ள பணம். யாருடைய பரிந்துரையும் தேவையில்லை. எவ்வளவு இருக்கிறது என்று முதலில் பார்த்துவிட்டுத்தான் மற்ற உதவிகளைக் கேட்க வேண்டும், ஏனென்றால் கேட்கும் இடத்திலெல்லாம் "வேறு எது கிடைக்கிறது?" என்ற கேள்வி வரும்.

இரண்டாவது, மஞ்சள் ரிப்பன் நிதியின் ஸ்டார் உபகாரச் சம்பளம். முன்னாள் குற்றவாளிகள் திறன் பயிற்சி பெற்று மீண்டும் தொடங்குவதற்காகவே அது ஏற்படுத்தப்பட்டது. மஞ்சள் ரிப்பன் சிங்கப்பூரின் அதிகாரியிடம், எந்தப் படிப்பு, எவ்வளவு கட்டணம், எந்த வேலைக்கு வழிவகுக்கும் என்ற மூன்றையும் எழுதிக்கொண்டுபோய்க் கேளுங்கள். முன்னாள் குற்றவாளிகள் உறுப்பினராகச் சேரும் ஐஸ்காஸ் கூட்டுறவுச் சங்கத்திடமும் பயிற்சி உதவி பற்றி விசாரிக்கலாம். சிறு பிள்ளைகள் உள்ள இளம் தந்தையர், தாயார், அந்தப் பிள்ளைகளுக்கான ஆதரவையும் அங்கே கேட்கலாம்.

மூன்றாவது, முழுநேரப் படிப்பில் சேர்ந்தால், அந்தக் கல்வி நிலையத்தின் மாணவர் நல அலுவலகத்தில் வருமான அடிப்படையிலான உதவிக்கு விண்ணப்பிக்க வேண்டும். முன்னாள் கைதி என்பதற்கும் இதற்கும் தொடர்பில்லை. மற்ற மாணவர்களைப் போலவே கேட்பதுதான். ஒவ்வொரு கல்வியாண்டும் புதிதாக விண்ணப்பிக்கவேண்டியிருக்கலாம் என்பதையும் கேட்டுவையுங்கள்.

இந்தப் படியில் நான் மிகவும் கவலையோடு சொல்லும் ஒன்று: உதவி உறுதியாவதற்கு முன் கையிலிருந்து கட்டணம் கட்டாதீர்கள். "இன்றே சேர்ந்தால் கழிவு" என்று அவசரப்படுத்தும் தனியார் வகுப்பில், அக்காவின் நகையை அடகு வைத்துக் கட்டிவிட்டு, பிறகு அந்தப் படிப்பு எந்த நிதியாலும் ஏற்கப்படாது என்று அறிந்த குடும்பங்கள் உண்டு. கட்டிய பணத்தைத் திருப்பித் தரும் திட்டம் அரிது. முதலில் நிதி, பிறகு பதிவு.

எந்தப் பயிற்சியை எடுப்பது என்பதில் என் கருத்து இது: உள்ளே தொடங்கியதைத் தொடர்வதே பெரும்பாலும் நல்லது. சமையல், தளவாடம், துல்லியப் பொறியியல் என்று உள்ளே எதில் அடித்தளம் இட்டாரோ, அதில் அடுத்த நிலைக்குப் போனால் சான்றிதழும் அனுபவமும் ஒரே கோட்டில் நிற்கும். மஞ்சள் ரிப்பன் சிங்கப்பூர் 2021இல் தொடங்கிய பயிற்சி, வேலையமர்த்தல், வளர்ச்சித் திட்டமும் துறைவாரியாகத்தான் அமைந்திருக்கிறது. ஆனால் பிள்ளைக்கு அந்தத் தொழிலில் மனமே இல்லை என்றால், வற்புறுத்தியும் பயனில்லை.

8. வேலை: முதலாளிக்குக் கிடைக்கும் தொகையை அறிந்துவைத்திருங்கள்

மேம்பாட்டு வேலைவாய்ப்பு ஊக்கத்தொகை (Uplifting Employment Credit) என்று சொல்லத்தக்க ஒரு திட்டம் 2023 ஏப்ரல் முதல் இருக்கிறது. 2025 வரவுசெலவுத் திட்டத்தில் அது 2028 இறுதிவரை நீட்டிக்கப்பட்டது. கடந்த மூன்று ஆண்டுகளுக்குள் விடுதலையான, மாதம் 4,000 வெள்ளிக்குக் குறைவாகச் சம்பாதிக்கும் முன்னாள் குற்றவாளியை வேலைக்கு எடுக்கும் முதலாளிக்கு, முதல் ஒன்பது மாதங்களுக்குச் சம்பளத்தில் 20 விழுக்காடு வரை அரசாங்கம் தருகிறது. உச்சவரம்பு மாதம் 600 வெள்ளி.

கணக்காகப் பார்ப்போம். மாதச் சம்பளம் 2,000 வெள்ளி என்றால், முதலாளிக்கு மாதம் 400 வெள்ளி வரை, ஒன்பது மாதத்தில் 3,600 வெள்ளி வரை கிடைக்கலாம். சிறு உணவுக்கடைக்கோ சரக்குப் போக்குவரத்து நிறுவனத்துக்கோ இது கவனிக்கத்தக்க தொகை. முதலாளி விண்ணப்பிக்கவேண்டியதில்லை, மத்திய சேமநிதிச் சந்தாப் பதிவுகளைக் கொண்டு உள்நாட்டு வருவாய் ஆணையம் தானாகவே கணக்கிட்டுச் செலுத்துகிறது.

இதிலிருந்து இரண்டு விளைவுகள் எழுகின்றன. முதலாவது, கையில் ரொக்கமாகச் சம்பளம் கொடுத்து, சேமநிதி செலுத்தாத வேலையில் சேர்ந்தால் முதலாளிக்கும் ஒன்றும் கிடைக்காது, பிள்ளைக்கும் வேலை செய்ததற்கான பதிவு இருக்காது. தெரிந்தவர் கடையில் "சும்மா வந்து உதவி செய், கையில் தருகிறேன்" என்று சொல்வது அன்பினால்தான். ஆனாலும் அந்த மாதங்கள் எந்த ஏட்டிலும் ஏறாது. பின்னால் வேலை தேடுவோர் ஆதரவோ வாடகை வீடோ கேட்கும்போது இந்தப் பதிவுதான் சாட்சி.

இரண்டாவது, உணவு விநியோகம் போன்ற, கைப்பேசிச் செயலி வழியாக வரும் தள ஊழியர் வேலை இந்த ஊக்கத்தொகைக்குள் வராது, ஏனெனில் அங்கே முதலாளி, ஊழியர் உறவு இல்லை. உடனே பணம் வரும் என்பதால் இளையர்கள் முதலில் அதைத்தான் நாடுகிறார்கள். இடைக்காலத்துக்கு அதில் தவறில்லை. 1995 ஜனவரி 1ஆம் தேதியோ அதற்குப் பிறகோ பிறந்த தள ஊழியர்கள் 2025 முதல் உயர்ந்த விகிதத்தில் சேமநிதி செலுத்தவேண்டும் என்பதால், கைக்கு வரும் தொகையை அதற்கேற்பக் கணக்கிடுங்கள். மூன்றாண்டுக் கால வரம்பு விடுதலை நாளிலிருந்து ஓடிக்கொண்டிருக்கிறது என்பதை மட்டும் மறக்க வேண்டாம்.

பழைய வழக்கைச் சொல்வதா, மறைப்பதா என்பது அடுத்த கேள்வி. விண்ணப்பப் படிவம் கேட்டால் பொய் எழுதக்கூடாது. பொய் பின்னால் தெரிந்தால், வேலை போவதற்கு அந்தப் பொய்யே காரணமாகிவிடும். மஞ்சள் ரிப்பன் சிங்கப்பூர் வழியாகப் போகும் வேலைகளில் முதலாளிகளுக்கு ஏற்கெனவே தெரியும் என்பதால் அந்தப் பதற்றமே இல்லை. சொந்தமாகத் தேடுபவர், என்ன நடந்தது, அதன்பின் என்ன கற்றார், இப்போது என்ன செய்ய முடியும் என்பதை நான்கைந்து வாக்கியங்களில் சொல்லிப் பழகட்டும். வீட்டில் யாராவது முதலாளியாக உட்கார்ந்து கேள்வி கேட்டுப் பழக்குங்கள். முதல் தடவை குரல் அடங்கிப் போகும். நாலைந்து தடவைக்குப் பிறகு நிமிர்ந்து சொல்வார்.

வேலையில் சேர்ந்த பிறகும் மஞ்சள் ரிப்பன் அதிகாரியின் தொடர்பை விடவேண்டாம். முதல் மாதச் சம்பளம் வந்தவுடன் விலகிவிடுபவர்கள் பலர். மேற்பார்வையாளரோடு ஒரு வாக்குவாதம், பழைய நண்பர்களின் அழைப்பு, வீட்டிலிருந்து வெகுதூரம் என்று காரணங்கள் சிறியவை. அதிகாரி இருந்தால் வேறிடத்துக்கு மாற்றிக்கொடுக்க முயல்வார். சொல்லாமல் நின்றுவிட்டால் அந்த வாய்ப்பும் போய்விடும்.

9. பழைய பாக்கிகளும் உடல்நலமும்

உள்ளே போவதற்கு முன் எடுத்த கைப்பேசி ஒப்பந்தம், தவணைக் கடன், கட்டாத அபராதம் ஆகியவை வெளியே வந்ததும் கடிதங்களாக வந்து நிற்கும். எல்லாவற்றையும் ஒரு பட்டியலாக எழுதி, ஒவ்வோர் இடத்துக்கும் எழுத்து மூலம் தவணை கேளுங்கள். கடன் பல இடங்களில் இருந்தால் கிரெடிட் கவுன்சலிங் சிங்கப்பூர் அமைப்பை அணுகுங்கள். சட்டவிரோதக் கடன்காரரிடம் வாங்கி இவற்றை அடைக்க நினைப்பது மட்டும் வேண்டாம். தொல்லை வந்தால் போலிசாரிடம் சொல்லுங்கள்.

உள்ளே மனநலத்துக்கோ வேறு நோய்க்கோ மருந்து எடுத்தவர் என்றால், மருந்தின் பெயரையும் அடுத்த மருத்துவச் சந்திப்பின் நாளையும் விடுதலையின்போதே வாங்கிக்கொள்ளுங்கள். மருந்தகச் செலவில் கழிவு தரும் சாஸ் அட்டைக்கும் குடும்ப வருமானம் பார்க்கப்படும் என்பதால், காம்கேருக்குச் சேர்த்த தாள்களைக் கையில் வைத்திருங்கள். மருத்துவமனைக் கட்டணம் மலைப்பாக இருந்தால் அங்குள்ள மருத்துவச் சமூக ஊழியரிடம், கட்டணம் கட்ட முடியாதவர்களுக்கான அரசாங்க நிதியான மெடிஃபண்ட் பற்றிக் கேளுங்கள்.

10. மறுத்துவிட்டால், அதற்குப் பிறகு

மறுப்பு வந்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். "வருமானம் கூடுதல்" என்பதும் "தாள் குறைவு" என்பதும் ஒன்றல்ல. இரண்டாவதைச் சரிசெய்துவிட்டு மறுநாளே திரும்பப் போகலாம். முதலாவதிலும், வீட்டில் ஒருவர் வேலை இழந்தாலோ குடும்பத்தின் ஆள் எண்ணிக்கை மாறினாலோ புதிதாக விண்ணப்பிக்கலாம். சூழ்நிலை சிக்கலானது, விதிக்குள் அடங்கவில்லை என்றால், தொகுதி நாடாளுமன்ற உறுப்பினரின் மக்கள் சந்திப்புக்குச் செல்லுங்கள். அங்கே போகும்போது முழுக் கதையையும் சொல்ல நேரம் இருக்காது. விண்ணப்ப எண், மறுப்புக் கடிதம், என்ன கேட்கிறீர்கள் என்ற ஒரே வாக்கியம் ஆகியவை கையில் இருக்கட்டும்.

எல்லாத் தாள்களுக்கும் ஒரே கோப்பு வைத்து, அதன் முதல் பக்கத்தில் நாள்களை எழுதுங்கள்: விடுதலை நாள், நிபந்தனைக் காலம் முடியும் நாள், காம்கேர் உதவி முடியும் மாதம், வேலையில் சேர்ந்த நாள், அதிலிருந்து ஆறாவது மாதமும் ஒன்பதாவது மாதமும், விடுதலையிலிருந்து மூன்றாம் ஆண்டு. ஆறாவது மாதம் முடிந்தபின், தானாக விலகாமல் வேலை போனால், வேலை தேடுவோர் ஆதரவுக்கு வழி பிறக்கலாம். அதற்கு வயது 21 ஆகியிருக்கவேண்டும், முந்தைய சராசரி மாத வருமானம் 5,000 வெள்ளியைத் தாண்டியிருக்கக்கூடாது. ஒன்பதாவது மாதத்தோடு முதலாளியின் ஊக்கத்தொகை நிற்கும் என்பதால், எட்டாவது மாதத்திலேயே சம்பளம், வேலை நேரம், அடுத்த பயிற்சி பற்றி முதலாளியிடம் பேசிவிடுங்கள். 25 வயதாகும் ஆண்டில் ஸ்கில்ஸ்ஃபியூச்சர் கணக்கையும், 30 வயதாகும் ஆண்டில் வேலைநலன் துணை வருமானத்தையும், 31 வயதாவதற்கு முன் கல்விக் கணக்கின் மீதத்தையும் பார்க்கும்படி அதே பக்கத்தில் குறித்துவையுங்கள். கோப்பு அம்மாவின் அலமாரியில் இருக்கவேண்டியதில்லை. பிள்ளையின் கையிலேயே கொடுங்கள், அடுத்த முகப்பில் தாளை எடுத்து நீட்டுபவர் அவராகவே இருக்கட்டும்.